எண்ணியும் கண்காணிப்பியும்: இணையதள வருகைக் கணக்கின் வரலாறு

ஒரு வலைப்பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்று கணக்கிட்டுக் காட்டும் சிறு நிரல் வருகையாளர் எண்ணி எனப்படும். வந்தவர் எந்த ஊர், என்ன கருவி வைத்திருக்கிறார், எந்தத் தளத்தின் வழியாக வந்தார், எந்தெந்தப் பக்கங்களைப் பார்த்தார் என்பவற்றையும் சேர்த்துப் பதிவு செய்வது வருகைக் கண்காணிப்பி. இரண்டும் இலவசமாகவே பரவின. ஒன்றிலிருந்து மற்றொன்று வளர்ந்தது. ஆனால் எண்ணுவது வேறு, அடையாளம் காண்பது வேறு. இந்த வேறுபாடு இணையத்தில் எப்படி உருவானது, விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் இருந்து படிக்கும் தமிழ் வாசகர்கள் இந்தக் கணக்கில் எப்படி விடுபட்டுப் போனார்கள், புதிதாகத் தளம் தொடங்குவோர் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சாலையில் எண்ணுதல்

சென்னையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை திண்டிவனத்தில் கிளை பிரிகிறது. ஒரு சாலை புதுச்சேரிக்கும், ஒன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும், மற்றொன்று விக்கிரவாண்டி வழியாக விழுப்புரத்துக்கும் செல்கிறது. இத்தகைய சாலைகளில் நெடுஞ்சாலைத் துறையினர் வாகனக் கணக்கெடுப்பு நடத்துவதுண்டு. தொடர்ந்து 7 நாள், இரவும் பகலும் ஆட்கள் சாலையோரம் அமர்ந்து, பேருந்து, லாரி, கார், இருசக்கர வாகனம், மாட்டுவண்டி என்று வகை பிரித்துத் தாளில் கோடு போடுவார்கள். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு.

இந்த முறையில் வண்டி கணக்கில் ஏறும். வண்டிக்குள் இருப்பவர் யார் என்பது ஏறாது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே நாளைக்கு ஆறு நடை ஓடும் ஒரே பேருந்து ஆறு கோடுகளாகப் பதிவாகும். சாலையை அகலப்படுத்தவேண்டுமா என்று முடிவெடுக்க அந்தக் கணக்கு போதும்.

இதே சாலையில் விக்கிரவாண்டியில் சுங்கச்சாவடி உள்ளது. 2021 பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து நாடு முழுவதும் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயமானது. கண்ணாடியில் ஒட்டிய வில்லையைச் சாவடி படித்ததும், எந்த வண்டி, எந்த நாள், எந்த நேரம் கடந்தது என்பது பதிவாகிறது. இணைக்கப்பட்ட கணக்கிலிருந்து பணமும் கழிகிறது. கோடு போட்டவர் செய்தது எண்ணும் வேலை. வில்லை செய்வது அடையாளம் காணும் வேலை. இணையதள வருகைக் கணக்கும் ஏறக்குறைய இதே வழியில்தான் நடந்துவந்திருக்கிறது.

வழங்கியின் பதிவேடு

1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் முதல் இணையதளத்தை அமைத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் வைய விரிவு வலையின் நிரலை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்றுதான் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டு விழுப்புரம் மாவட்டம் பிறந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது.

அக்காலத்தில் தனியாக எண்ணி எதுவும் தேவைப்படவில்லை. இணையதளத்தை வைத்திருக்கும் கணினியான வழங்கி, தன்னிடம் வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு பதிவேட்டில் ஒரு வரியாக எழுதிவைத்தது. கேட்ட கணினியின் ஐ.பி. முகவரி, கேட்ட நேரம், கேட்ட கோப்பு, அது கிடைத்ததா இல்லையா, அதன் அளவு என்பவை அந்த வரியில் இருக்கும். இன்றும் எல்லா வழங்கிகளும் இத்தகைய பதிவேட்டை எழுதக்கூடியவையே. அதைப் படித்துத் தொகுத்துத் தர, 1995-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஸ்டீபன் டர்னர் ‘அனலாக்’ என்னும் இலவச நிரலை வெளியிட்டார். பின்னர் ‘வெபலைசர்’, ‘ஏடபிள்யூஸ்டாட்ஸ்’ போன்றவை வந்தன.

இந்தப் பதிவேட்டைப் பிழையாகப் படிப்பது எளிது. ஒரு பக்கத்தில் 9 படங்கள் இருந்தால், அதை ஒருவர் ஒருமுறை திறந்தாலே பக்கத்துக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்பது என 10 வரிகள் எழுதப்படும். இவற்றுக்கு ‘ஹிட்’ என்று பெயர். பத்தாயிரம் ஹிட் என்பது ஆயிரம் பக்கப் பார்வையாக இருக்கலாம். அந்த ஆயிரமும் இருநூறு பேர் பார்த்ததாக இருக்கலாம். ஆகவே ஹிட், பக்கப் பார்வை, வருகை, வருகையாளர் என்னும் நான்கையும் பிரித்தறியவேண்டும். ஒருவர் தொடர்ச்சியாகப் பார்க்கும் பக்கங்கள் சேர்ந்தது ஒரு வருகை. பொதுவாக 30 நிமிடம் எதையும் திறக்காமல் இருந்து மீண்டும் திறந்தால் அது புதிய வருகையாகக் கொள்ளப்படுகிறது.

பக்கத்தின் அடியில் ஓடிய எண்

பதிவேட்டைப் பார்க்க வழங்கியின் உரிமையாளரால்தான் முடியும். 1990-களின் நடுப்பகுதியில் இலவச இடம் வாங்கித் தளம் அமைத்த மாணவர்களுக்கும் சாதாரண மக்களுக்கும் அந்த வசதி இல்லை. 1994-இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் போன்ற இலவசத் தளங்களில் இலட்சக்கணக்கானோர் பக்கங்களை அமைத்தார்கள். தம் பக்கத்தை யாராவது பார்க்கிறார்களா என்று அறிய அவர்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. பக்கத்தின் அடியில் தெரியும் எண்ணி அப்படித்தான் பரவியது.

அதன் செயல்முறை எளியது. வழங்கியில் ஒரு கோப்பில் ஓர் எண் இருக்கும். பக்கம் திறக்கப்படும்போது ஒரு சிறு நிரல் அந்த எண்ணை எடுத்து, ஒன்றைக் கூட்டி, மீண்டும் கோப்பில் எழுதிவிட்டு, புதிய எண்ணைப் படமாக அனுப்பும். காரின் ஓட்டமானியில் இருப்பதுபோல் கருப்புக் கட்டங்களில் வெள்ளை இலக்கங்கள் தெரியும்.

குறைகளும் எளியவையே. ஒரே ஆள் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் எண் ஏறிக்கொண்டே போகும். இரண்டு பேர் ஒரே நொடியில் திறந்தால் கோப்பு குழம்பி, எண் மீண்டும் சுழியத்துக்குப் போய்விடுவதும் உண்டு. பல எண்ணிகளில் தொடக்க எண்ணை உரிமையாளரே வைத்துக்கொள்ளலாம் என்பதால், ‘நீங்கள் 50,001-ஆம் வருகையாளர்’ என்ற வரியை முதல் நாளிலேயே போட்டுக்கொள்ள முடிந்தது. ஆயினும் இந்த எண்ணியிடம் ஒரு நேர்மை இருந்தது. தளக்காரருக்குத் தெரிந்த எண் வாசகருக்கும் தெரிந்தது. அதற்கு மேல் அது எதையும் சேர்த்து வைக்கவில்லை.

குக்கி பிறந்த காரணம்

வருபவர் புதியவரா, முன்பே வந்தவரா என்பதை எண்ணியால் சொல்ல இயலாது. வழங்கிக்கு ஒவ்வொரு கோரிக்கையும் புதிய கோரிக்கையே. இதற்குத் தீர்வாக 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுல்லி ‘குக்கி’யை உருவாக்கினார். தளம் தரும் ஒரு சிறு குறிப்பை உலாவி தன்னிடம் வைத்துக்கொண்டு, அடுத்தமுறை செல்லும்போது திருப்பிக் காட்டும் முறை இது. இணையக் கடைகளில் வாங்குபவரின் கூடையை நினைவில் வைப்பதற்காக வகுக்கப்பட்ட இந்த உத்தி, நடைமுறையில் முதலில் பயன்பட்டது, நெட்ஸ்கேப் தளத்துக்கு வருபவர் முன்பே வந்தவரா என்று பார்ப்பதற்குத்தான். இன்று விளம்பர வணிகத்தின் அச்சாணியாகக் கருதப்படும் குக்கியின் முதல் பணி, வருகைக் கணக்கைச் சரியாக வைப்பதாகவே இருந்தது.

இலவசக் கண்காணிப்பிகளின் காலம்

1990-களின் இறுதியில் எண்ணும் வேலையை வெளி நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. தளக்காரர் தம் பக்கத்தில் நான்கைந்து வரி நிரலை ஒட்டினால் போதும். பக்கம் திறக்கும்போதெல்லாம் அந்த நிறுவனத்தின் வழங்கியிலிருந்து ஒரு சிறு படம் அழைக்கப்படும். சில வேளைகளில் அது கண்ணுக்கே தெரியாத ஒற்றைப் புள்ளிப் படம். அந்த அழைப்பின் வழியே வாசகரின் ஐ.பி. முகவரி, உலாவி, வந்த வழி ஆகியவை அங்கே பதிவாகும். சைட்மீட்டர் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. 1999-இல் அயர்லாந்தில் ஏடன் கல்லன் என்னும் 16 வயது மாணவர் தொடங்கிய ஸ்டாட்கவுண்டர் இன்றும் இயங்குகிறது. அடுத்த பத்தாண்டில், உலக வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாக வாசகர்களைக் காட்டிய கிளஸ்டர்மேப்ஸ், ‘இந்த ஊரிலிருந்து ஒருவர் வந்தார்’ என்று பக்கவாட்டில் ஓடவிட்ட ஃபீட்ஜிட் போன்றவை வந்தன.

தமிழில் வலைப்பதிவுகள் வளர்ந்த காலமும் இதுவே. ஒருங்குறி பரவியதாலும், கூகுள் 2003-இல் வாங்கிய பிளாகர் இலவசமாகக் கிடைத்ததாலும் எவரும் எழுதலாம் என்ற நிலை வந்தது. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், நூற்றுக்கணக்கான தமிழ்ப் பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டியது. அதில் அதிகம் படிக்கப்பட்டவற்றைக் காட்டும் ‘சூடான இடுகைகள்’ என்னும் பகுதியும் இருந்தது. எண்ணிக்கை கண்முன் தெரியத் தொடங்கியதும் எழுத்தின் போக்கும் சற்று மாறியது. உள்ளடக்கத்துக்குத் தொடர்பில்லாத கவர்ச்சித் தலைப்புகள் வைப்பது போன்ற பழக்கங்கள் தமிழிலும் தோன்றின. எண்ணி வெறுமனே அளப்பதோடு நிற்பதில்லை. அளக்கப்படுபவரின் நடத்தையையும் மாற்றுகிறது.

காணாமற்போன இரண்டு ஊர்கள்

ஃபீட்ஜிட் போன்ற பட்டிகளைப் பார்த்த தமிழ்ப் பதிவர்களுக்கு ஒரு வியப்பு இருந்திருக்கும். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், இலண்டன், டொராண்டோ என்று ஊர்கள் ஓடும். விழுப்புரமும் திண்டிவனமும் அரிதாகவே தென்படும். அங்கே யாரும் படிக்கவில்லை என்பது இதன் பொருளன்று. எண்ணும் முறைதான் காரணம்.

தரைவழித் தொலைபேசி எண்ணில் ஊர் உண்டு. 04146 என்றால் விழுப்புரம். 04147 என்றால் திண்டிவனம். ஐ.பி. முகவரியில் அப்படி ஊர்க்குறியீடு எதுவும் இல்லை. இணைய நிறுவனம் தனக்கு ஒதுக்கப்பட்ட முகவரிகளை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் வழங்கலாம். எந்த முகவரி எந்த ஊர் என்று சில நிறுவனங்கள் தொகுத்து வைத்துள்ள பட்டியலைப் பார்த்துத்தான் கண்காணிப்பிகள் ஊரைச் சொல்கின்றன. இந்தப் பட்டியல்கள் நாட்டைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஊரைச் சொல்வதில் அடிக்கடி தவறும். செல்பேசி நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வதுண்டு. அந்த முகவரி நிறுவனத்தின் மையக் கருவி இருக்கும் பெருநகரத்தின் பெயரிலேயே பட்டியலில் இருக்கும். எனவே திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்று செல்பேசியில் கட்டுரை படிப்பவர் சென்னைவாசியாகக் கணக்கில் ஏற வாய்ப்பு மிகுதி.

அதற்கு முந்தைய காலத்திலும் கணக்கு சரியாக இருந்ததில்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறு நகரங்களில் இணையம் என்றால் பிரவுசிங் சென்டர்தான். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவு நாளில் அங்கே கூட்டம் நெரியும். ஒரே இணைப்பில் நூற்றுக்கணக்கான மாணவர்களின் பதிவெண்கள் தட்டப்படும். முடிவு வெளியிட்ட தளத்தின் கணக்கில், முகவரியை வைத்து எண்ணினால், அத்தனை பேரும் சேர்ந்து ஒரே வருகையாளர். வீட்டில் டயல்-அப் வைத்திருந்தவர் நிலை நேர்மாறானது. ஒவ்வொரு முறை இணையும்போதும் புதிய முகவரி கிடைத்ததால், அவர் ஒருவரே பலராகத் தெரிந்தார்.

செல்பேசியில் தமிழ் எழுத்துரு இல்லாத நாட்களில் பலர் ஓபரா மினி உலாவியைப் பயன்படுத்தினார்கள். அதிலிருந்த ஓர் அமைப்பை மாற்றினால், ஓபராவின் வழங்கி தமிழ் எழுத்துகளைப் படமாக்கி அனுப்பும். பக்கத்தை முதலில் வாங்குவது அந்த வழங்கிதான் என்பதால், விழுப்புரத்து வாசகர் வெளிநாட்டவராகப் பதிவாகவும் கூடும். தமிழைப் படிக்க வழி தேடியவரே கணக்கிலிருந்து நழுவினார்.

பதிவேட்டைப் படிப்பதிலும் தமிழுக்கு ஓர் இடையூறு உண்டு. பக்க முகவரியில் தமிழ் எழுத்துகள் இருந்தால், பதிவேட்டில் அவை குறியீடாக மாறிவிடும். ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு. ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்துகளாக எழுதப்படும். ‘விழுப்புரம்’ என்பதில் துணைக்குறிகளும் புள்ளிகளும் சேர்த்து 11 குறிகள் இருப்பதால், அது 99 எழுத்துகள் கொண்ட தொடராகிவிடும். ‘திண்டிவனம்’ 10 குறிகள் கொண்டது. அதற்கு 90 எழுத்துகள். இதைத் திருப்பித் தமிழாக்கிக் காட்டாத நிரலில், எந்தப் பக்கம் அதிகம் படிக்கப்பட்டது என்பதையே கண்டறிய முடியாது.

இவை வெறும் தொழில்நுட்பக் குறைகள் அல்ல. எந்த ஊருக்கு எத்தனை வாசகர் என்ற கணக்கை வைத்தே விளம்பரம் வருகிறது, பத்தி ஒதுக்கப்படுகிறது, ஒரு தளத்தைத் தொடரலாமா நிறுத்தலாமா என்பது முடிவாகிறது. கணக்கில் இல்லாத ஊர் தேவையில்லாத ஊராகிவிடும் அபாயம் இதில் இருக்கிறது.

கூகுள் அனலிட்டிக்ஸ்

2005 ஏப்ரலில் கூகுள் ‘அர்ச்சின்’ என்னும் வருகை ஆய்வு நிறுவனத்தை வாங்கியது. நவம்பர் 14 அன்று அந்த நிரலைக் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இலவசமாக்கியது. கூட்டம் தாங்காமல் சில நாட்களிலேயே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. இணைப்புகளின் இறுதியில் இன்றும் காணப்படும் ‘யு.டி.எம்.’ என்னும் மூன்றெழுத்துகளில் முதலாவது அர்ச்சினைக் குறிப்பதே. அதுவரை பெருநிறுவனங்கள் பணம் கொடுத்துப் பெற்ற விவரங்கள் சாதாரண வலைப்பதிவருக்கும் கிடைத்தன. 2010-இல் பிளாகரிலேயே புள்ளிவிவரப் பகுதி வந்ததும், அடியில் எண்ணி ஒட்டவேண்டிய தேவை குறைந்தது.

இந்த மாற்றத்தால் கணக்கு பக்கத்தின் முகப்பிலிருந்து பின்னறைக்குப் போனது. முன்பு வாசகருக்கும் தெரிந்த எண் இப்போது தளக்காரருக்கும் நிறுவனத்துக்கும் மட்டுமே தெரியும் தகவலானது. வாசகர் பார்ப்பது குறைந்தது. வாசகரைப் பார்ப்பது கூடியது.

இலவசத்தின் விலை

இலவசச் சேவையை நம்பியவர்கள் மூன்று வகையில் விலை கொடுத்தார்கள்.

முதலாவது, தளத்தின் கட்டுப்பாடு. பக்கத்தில் ஒட்டிய நிரல் வேறொருவருடையது. அது பழுதானால் பக்கமும் பழுதாகும். 2008 ஆகஸ்ட் தொடக்கத்தில் சைட்மீட்டர் தன் நிரலில் செய்த மாற்றத்தால், அதை வைத்திருந்த எண்ணற்ற தளங்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் திறக்காமல் போயின. தம் பதிவுக்கு என்ன ஆயிற்று என்று புரியாமல் தவித்தவர்களுக்கு, அடியில் இருந்த சிறு எண்ணியே காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது, பழைய கணக்கு. நிறுவனம் மூடப்பட்டால் கணக்கும் போய்விடும். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது அதன் பக்கங்களும் எண்ணிகளும் சேர்ந்தே மறைந்தன. கருவிப்பட்டை நிறுவியவர்களின் உலாவலை மாதிரியாகக் கொண்டு தளங்களுக்குத் தரவரிசை தந்த அலெக்சா, தமிழ்த் தளங்களும் பெருமையாகச் சொல்லிக்கொண்ட அளவுகோல். அது 2022 மே 1 அன்று மூடப்பட்டது. கூகுள் அனலிட்டிக்சின் பழைய வடிவம் 2023 ஜூலை 1 முதல் புதிய வருகைகளைப் பதிவதை நிறுத்தியது. ஓராண்டுக்குப் பின் பழைய விவரங்களைப் பார்க்கும் வாய்ப்பும் போனது. தரவிறக்கி வைக்காதவர்கள் பல ஆண்டுக் கணக்கை இழந்தார்கள். தமிழ் வலைப்பதிவுகளின் வாசகர் வரலாற்றை எழுத முனைவோருக்கு இது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

மூன்றாவது விலையைக் கொடுப்பவர் தளக்காரர் அல்ல, வாசகர். ஒரே நிறுவனத்தின் நிரல் இலட்சக்கணக்கான தளங்களில் இருக்கும்போது, ஒருவர் காலையில் படித்த செய்தி, மதியம் தேடிய மருந்து, இரவு பார்த்த வேலைவாய்ப்பு ஆகியவற்றைக் கோத்துப் பார்க்கும் வாய்ப்பு அந்த நிறுவனத்துக்குக் கிடைக்கிறது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி இதற்குக் கடிவாளம் போட்டது. 2022 தொடக்கத்தில் ஆஸ்திரியா, பிரான்சு நாடுகளின் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள், கூகுள் அனலிட்டிக்ஸ் மூலம் வாசகர் தரவு அமெரிக்காவுக்குச் செல்வது அந்த விதிக்கு மாறானது என்று முடிவு கூறின. இந்தியாவில் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. 

விக்கிப்பீடியாவின் வழி

எண்ணுவதையும் அடையாளம் காண்பதையும் பிரித்துவைக்க முடியும் என்பதற்குக் கண்முன் உள்ள சான்று விக்கிப்பீடியா. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பர் 30 அன்று, விழுப்புரம் மாவட்டத்தின் பத்தாவது பிறந்தநாளில், தொடங்கியது. மீடியாவிக்கி மென்பொருளில் பக்கத்தின் அடியில் ‘இப்பக்கம் இத்தனை முறை பார்க்கப்பட்டது’ என்று காட்டும் எண்ணி ஒன்று இருந்தது. பக்கங்களின் நகல்களை இடைவழங்கிகளில் வைத்து வழங்கும் பெரிய தளத்தில் அந்த எண்ணி சரிவராது என்பதால், விக்கிப்பீடியாவில் அது அணைத்துவைக்கப்பட்டிருந்தது. 2015-இல் மென்பொருளிலிருந்தே நீக்கப்பட்டது.

அதற்கு ஈடாக வழங்கிகளின் பதிவேடே பயன்பட்டது. 2007 டிசம்பர் முதல், டோமாஸ் மிட்டூசாஸ் என்னும் நிரலாளரின் முயற்சியால், ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு மணிநேரமும் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்ற கணக்கு பொதுவில் வெளியிடப்பட்டது. 2015-இல் இது மேம்படுத்தப்பட்டு, தானியங்கி நிரல்களின் பார்வைகளைப் பிரித்துக் காட்டும் வசதியும் வந்தது. இன்று ‘விழுப்புரம்’, ‘திண்டிவனம்’ ஆகிய தமிழ்க் கட்டுரைகள் எந்த நாளில் எத்தனை முறை பார்க்கப்பட்டன என்பதை, பக்கத்தின் வரலாறு பகுதியில் உள்ள இணைப்பின் வழியே, கணக்குத் தொடங்காமலே எவரும் பார்க்கலாம். தேர்தல், மழைவெள்ளம், போட்டித்தேர்வு போன்ற காலங்களில் ஏற்ற இறக்கத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. படித்தவர் யார் என்பது மட்டும் அதில் தெரியாது.

தேர்ந்தெடுக்கும் முறை

கல்லூரித் துறை, பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், உள்ளூர் வரலாற்று ஆர்வலர், சிறு வணிகர் என எவர் தளம் தொடங்கினாலும், கருவியைத் தேடுமுன் கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. எந்தக் கட்டுரை படிக்கப்படுகிறது என்று அறிய வேண்டுமா, விளம்பரச் செலவு பலன் தருகிறதா என்று அறிய வேண்டுமா என்பதைப் பொறுத்தே கருவி அமையும். முதற்கேள்விக்குச் சாலையோரத்துக் கோடுகள் போதும். சுங்கச்சாவடி வில்லை வேண்டியதில்லை.

• பிளாகரில் எழுதுவோர்: உள்ளேயே உள்ள புள்ளிவிவரப் பகுதி போதுமானது. தம் சொந்த வருகைகளைக் கணக்கிட வேண்டாம் என்ற தெரிவை முதலில் இட்டுக்கொள்ள வேண்டும்.

• கட்டண இடத்தில் தளம் வைத்திருப்போர்: சி-பேனல் வசதி தரும் பெரும்பாலான இடங்களில் ஏடபிள்யூஸ்டாட்ஸ் அல்லது வெபலைசர் முன்பே இருக்கும். வாசகரின் உலாவியில் எதையும் வைக்காமல் பதிவேட்டிலிருந்தே இவை கணக்கிடுகின்றன. அடையாளம் காணப்படாத தானியங்கி நிரல்களையும் மனிதர்களாக எண்ணிவிடக்கூடும் என்பதால் எண் சற்றுப் பெரிதாகத் தெரியலாம்.

• விரிவான விவரம் தேவைப்படுவோர்: பிவிக் என்ற பெயரில் தொடங்கி 2018-இல் பெயர் மாறிய மடோமோவைச் சொந்த வழங்கியில் நிறுவலாம். திறமூல மென்பொருளான இதில் தரவு தளக்காரரிடமே இருக்கும். நிறுவவும் அவ்வப்போது புதுப்பிக்கவும் ஓரளவு பயிற்சி வேண்டும்.

• எளிய எண் மட்டும் போதும் என்போர்: கோட்கவுண்டர் போன்றவை குக்கி இல்லாமல் எண்ணுகின்றன, வணிக நோக்கமற்ற சிறு தளங்களுக்கு இலவசம்.

• கூகுள் அனலிட்டிக்ஸ் வைத்திருப்போர்: அதன் விரிவு பெரிது, கற்கும் சுமையும் பெரிது. புதிய வடிவத்தில் தனித்தனி வாசகர் அளவிலான தரவு, மாற்றியமைக்காவிட்டால், 2 மாதமே வைக்கப்படும். இலவசக் கணக்கில் அதை 14 மாதம் வரை நீட்டலாம்.

எந்தக் கருவியானாலும் சில பழக்கங்கள் பொதுவானவை. மாதம் ஒருமுறை தொகுப்பு எண்களைத் தரவிறக்கி ஒரு தாளிலோ விரிதாளிலோ குறித்துவைத்தால், நிறுவனம் மூடப்பட்டாலும் கணக்கு நிற்கும். ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளை ஒப்பிட்டால் எண்கள் ஒத்துவராது. எண்ணும் முறை வேறு என்பதே காரணம், எது பொய் என்று குழம்பவேண்டியதில்லை. ஒரே கருவியின் எண்ணை மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதே பயன் தரும். ஊர்வாரிக் கணக்கை நம்பி, ‘நம் ஊரில் யாரும் படிக்கவில்லை’ என்ற முடிவுக்கு வரக்கூடாது. என்ன பதிவாகிறது என்பதைத் தளத்திலேயே இரண்டு வரியில் தமிழில் எழுதிவைப்பது வாசகருக்குச் செய்யும் மரியாதை.

நிறைவு

பக்கத்தின் அடியில் ஓடிய கருப்பு வெள்ளை எண்ணி இன்று பழம்பொருளாகிவிட்டது. அது துல்லியமற்றது, எளிதில் ஏமாற்றக்கூடியது. ஆனால் வந்தவரைப் பற்றி எதையும் கேட்காமல் வந்ததை மட்டும் குறித்தது. அதன்பின் வந்த கருவிகள் கேட்டவை அதிகம். அப்படியிருந்தும் திண்டிவனத்து வாசகரைத் திண்டிவனத்தில் காட்ட அவற்றால் உறுதியாக முடியவில்லை. தளம் நடத்துவோர் தமக்குத் தேவையான அளவு மட்டும் எண்ணிக்கொண்டு, எண்ணில் வராத வாசகரும் இருக்கிறார் என்பதை நினைவில் வைத்து எழுதுவதே இந்த வரலாறு தரும் பாடம்.